கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

ஒரே வார்த்தை

மண்டபத்தில் மேனேஜராகச் சேர்ந்த முதல் நாள், சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் முதலாளி தணிகாசலம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இங்கிலீஷ் வருமா எஸ்தர்?"

குரோம்பேட்டையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள் நான். வரும் சார் என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

"அவ்ளோ எல்லாம் வேணாம்மா. ஒரு வார்த்தை போதும். அட்ஜஸ்ட். அதை சிரிச்ச முகமா சொல்லத் தெரிஞ்சா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்க இருக்கலாம்."

இருந்தேன். சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் போகும் தெருவில் இருந்தது எங்கள் கல்யாண மண்டபம். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு 'வென்யூ எக்ஸிக்யூட்டிவ்' என்று பெயர். கழுத்தில் அட்டை, காதில் புளூடூத். என் காலத்தில் எனக்கு இருந்தது ஒரு சாவிக்கொத்தும் அந்த ஒரு வார்த்தையும்தான். புதிதாக வருபவர்கள் எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

அகராதியில் பார்த்தால் அட்ஜஸ்ட் என்பதற்குச் 'சரிசெய்தல்', 'ஒத்துப்போதல்' என்று மரியாதையான பொருள்கள் இருக்கும். மண்டபத்தில் அதன் பொருள், சொல்லும் ஆளைப் பொறுத்தது. சமையல் மாஸ்டர் "சாம்பாரை அட்ஜஸ்ட் பண்ணிடறேன்" என்றால், தண்ணீர் ஊற்றப்போகிறார். டெக்கரேஷன்காரர் சொன்னால், முந்தின நாள் ரிசப்ஷன் பூவே முகூர்த்தத்துக்கும் நிற்கும். எலக்ட்ரீஷியன் சொன்னால் ஏசி ஓடாது. மின்சார ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டில் நான்காவது ஆள் சொன்னால், அவர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. இந்தச் சொல்லை யாரும் தனக்காக வைத்துக்கொள்வதில்லை, அடுத்தவருக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். "நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பேன். "பரவால்ல, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று தானாக முன்வந்து சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டு சார்

நாங்கள் அதிகமாக அட்ஜஸ்ட் பண்ணச் சொன்ன ஆள் தேவராஜ் சார். மண்டபத்தின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியது அவர் வீடு. மண்டபம் வருவதற்கு முன்பே அவர் அங்கே வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். ஆனாலும் அவர்தான் எங்களுக்கு இடைஞ்சல் என்கிற மாதிரி முதலாளி பேசுவார்.

தேவராஜ் சார் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மீட்டர், கேஜ் எல்லாம் பழுதுபார்த்து ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நிற்பார். பாட்டுக் கச்சேரி சத்தத்தில் அவர் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது என்பார். விருந்தாளிகளின் கார் அவர் கேட்டை அடைத்து நிற்கிறது என்பார். இரண்டும் உண்மை.

"இன்னிக்கு ஒரு நாள்தான் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஒரு தடவை அவர் கோபப்படாமல் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, நான் முப்பது வருஷம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் சம்பளம் வாங்கினேன். கேஜ்ல முள்ளு சரியான இடத்துல நிக்கிற வரைக்கும் இப்படியும் திருகுவோம், அப்படியும் திருகுவோம். ஒரே பக்கமா திருகிட்டே போனா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன சார் ஆகும்?"

"மரை கழண்டுடும். எனக்கும் கழண்டுட்டு இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று ராத்திரியும் கச்சேரி நடந்தது. எப்போதும் நடப்பதுதான் நடந்தது.

முருகேசன் வீட்டுக் கல்யாணம்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் முருகேசன், தன் மகள் நித்யா கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தார். பேச ஆரம்பித்ததுமே கண் கலங்கிவிட்டார்.

"ரெண்டாவது தபா தேதி குறிக்கிறோம்கா. போன தபா பத்திரிகை அட்ச்சி ஊரெல்லாம் குட்த்தாச்சி. மாப்ள வூட்டு தாத்தா பூட்டாரு. அதுக்கு எம்பொண்ணு இன்னாக்கா பண்ணும்? அங்க ஒரு பெரிம்மா கீது, பொண்ணு ராசி சரியில்லன்னு சொல்லிக்கினே கீது. இந்த தபா எவனாவது தும்முனா கூட பேஜாரு. கல்யாணம் நின்னுடும்கா."

அந்தப் பெரியம்மாவின் பெயர் கோமதி. மாப்பிள்ளை சதீஷை வளர்த்தவரே அவர்தான் என்பதால், அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துக்குள் கால் வைத்ததும், வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் குலை ஏன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். வாழைக்குலை சாய்ந்துதான் இருக்கும் என்று சொல்ல வந்தேன். கயிறு போட்டு நிமிர்த்திக் கட்டச் சொன்னேன்.

சாயங்காலம் நித்யாவின் அம்மா, எங்கள் பக்கத்துப் பெண் வீட்டார் வழக்கமாகச் செய்வதுபோல, தாம்பூலத் தட்டோடு தேவராஜ் சார் வீட்டுக்குப் போனார். சத்தம் கித்தம் இருந்தால் மன்னிக்கணும், காலையில் வந்து வாழ்த்தணும் என்று சொல்லிவிட்டு வருவது முறை. போனவர் வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். தேவராஜ் சாரின் மனைவி சரோஜா அம்மாவிடம் மொத்தக் கதையும் சொல்லி அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அன்று தேவராஜ் சார் புகார் சொல்ல வரவில்லை. உடம்பு அசதி என்று படுத்துவிட்டாராம்.

பின்வாசல்

மறுநாள் வியாழக்கிழமை. முகூர்த்தம் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். விடிந்தும் விடியாமலும் சமையல்கட்டுப் பின்வாசலில் நின்று பால் கேனை எண்ணிக்கொண்டிருந்தேன். தேவராஜ் சாரின் மகன் பாஸ்கர் சுவரோரமாக வந்து கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு நிமிஷம். அப்பா போயிட்டாரு."

"எங்க தம்பி?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

தூக்கத்திலேயே போயிருக்கிறார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த துக்கம் நிஜமான துக்கம்தான். ஆனால் துக்கம் வந்த அதே வேகத்தில் அந்த வார்த்தையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. இனி அவர்கள் வீட்டில் ஷாமியானா போடுவார்கள், ஐஸ் பெட்டி வரும், சங்கு ஊதுவார்கள், ஒவ்வொரு உறவும் வாசலில் வந்து விழுந்து அழும். சுவருக்கு இந்தப் பக்கம் கோமதி அம்மா. நித்யா கல்யாணம் அவ்வளவுதான். இவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது அவனே கேட்டான்.

"தாலி கட்ட எட்டரை ஆகுமாக்கா?"

"ஆகும் தம்பி."

"அதுவரைக்கும் நாங்க யாருக்கும் சொல்லல. அம்மாதான் சொன்னாங்க. நேத்து பொண்ணோட அம்மா வந்து எல்லாம் சொல்லியிருக்காங்க. தாலி ஏறுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு எங்களை எல்லாம் உள்ள உக்கார வெச்சுட்டாங்க. கட்டி முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். நான் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். வெங்காயம் என்று மாஸ்டர் நினைத்திருப்பார்.

கெட்டிமேளம்

நான் முருகேசனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.

நாகஸ்வரம் ஆரம்பித்தது. கோமதி அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"மேனேஜரம்மா, எங்க ரூம்ல ஏசி ஒரு பக்கம்தான் அடிக்குது. இதையெல்லாம் பார்க்க மாட்டீங்களா?"

வழக்கமாக இதற்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். அன்று வரவில்லை. "இதோ ஆளை அனுப்பறேம்மா" என்றேன். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மணமேடையில் நித்யாவும் சதீஷும் உட்கார்ந்திருந்தார்கள். தாலியும் தேங்காயும் வைத்த தட்டு, பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுவதற்காகச் சபையில் சுற்றிக்கொண்டிருந்தது. அட்சதையும் எல்லார் கைக்கும் போய்விட்டது. நான் வாசலில் பன்னீர்ச் செம்புப் பக்கம் நின்றிருந்தேன். அங்கிருந்து தெருவும் தெரியும், மேடையும் தெரியும்.

தேவராஜ் சார் வீட்டு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாடம்பாக்கத்தில் இருக்கும் அவருடைய தங்கை இறங்கினார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. எல்லார் வாயையும் கட்டிய சரோஜா அம்மாவால் பாஸ்கரின் மச்சான் விரலைக் கட்ட முடியவில்லை. மனசு தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேவராஜ் சார் படத்தோடு இரண்டு கூப்பிய கையைப் போட்டிருக்கிறார்.

அந்த அம்மா இறங்கும்போதே தலைமுடி அவிழ்ந்திருந்தது. இரண்டு கையையும் தூக்கி மார்பில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணா..." என்று ஆரம்பித்தார்.

நல்ல குரல். முதல் எழுத்தே தெருமுனை வரைக்கும் போயிருக்கும்.

மண்டப வேலையில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவது எதற்காக? தும்மல், அழுகை, அபசகுனப் பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள்தான். ஆனால் அந்தத் தொண்டைக்கு அன்றுதான் வேலை வந்தது. உள்ளே திரும்பி, கையை உயர்த்தி, கத்தினேன்:

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில்காரருக்கு யார் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை, சொன்னால் அடிப்பார். அடித்தார். அவ்வளவுதான், சபை மொத்தமும் எழுந்து அட்சதையை வீசியது. மேடையில் ஒன்றும் நடக்கவில்லை. தாலித் தட்டு நாலாவது வரிசையில் ஒரு பெரியவர் மடியில் இருந்தது. அவர் தலையெல்லாம் மஞ்சள் அரிசி. புரோகிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு கெட்டிமேளம் சொன்னா? தட்டே வரலையே!"

தட்டைச் சுற்றிக் கொண்டுவந்த பெண் அதைப் பறித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். தவில்காரர் என்னைப் பார்த்தார். நிறுத்தாதே என்று கையைச் சுழற்றினேன். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. "சரி, கட்டுங்கோ, கட்டுங்கோ" என்றார். சதீஷ் பதறிப்போய்க் கட்டினான். இரண்டாம் தடவை வீச யார் கையிலும் அட்சதை மிச்சமில்லை.

நான் தெருப்பக்கம் திரும்பினேன். சரோஜா அம்மா வாசலுக்கு வந்திருந்தார். நாத்தனாரைக் கட்டிப்பிடித்து, ஒரு கையால் அவர் வாயைப் பொத்தி, மெதுவாக வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். புருஷனைப் பறிகொடுத்து இன்னும் வாய்விட்டு அழாதவர், இன்னொருத்தியின் அழுகையையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு என் வேலையே பிடிக்கவில்லை.

பாஸ்கருக்குப் போன் செய்தேன். "ஆச்சு தம்பி" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நேரம் தேங்கியிருந்த அழுகை ஒரே மூச்சில் எழுந்தது.

நல்ல சகுனம்

மேளம் ஓய்ந்த பிறகுதான் அழுகை பந்தி வரைக்கும் கேட்டது. முதல் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த கோமதி அம்மா கையை நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முருகேசன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பக்கத்துல என்ன சத்தம்? எப்போ ஆச்சு?"

முருகேசன் என்னையே பார்த்தார். நான் பொய் சொன்னேன்.

"இப்பதாம்மா. தாலி ஏறின பிறகுதான். பக்கத்து வீட்டுப் பெரியவரு."

கோமதி அம்மா யோசித்தார். அவர் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அந்தப் பந்தியில் யாரும் சாப்பிடவில்லை.

"எவ்ளோ வயசு?"

"எண்பதைத் தாண்டிட்டாரும்மா."

"அப்போ கல்யாணச் சாவு. மேளச்சத்தம் கேட்டு, ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிருக்காரு. நல்ல சகுனம்தான். ரசம் கொண்டு வரச் சொல்லுங்க."

முருகேசன் சமையல்கட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

ராகு காலம்

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு சாமர்த்தியசாலி என்று எழுதி முடித்திருப்பேன். வீடியோகாரர் முடிக்க விடவில்லை.

"மேடம், நீங்க திடீர்னு கெட்டிமேளம் சொன்னதுல எனக்குத் தாலி ஷாட்டே கிடைக்கல. முழுக்க அட்சதைதான் இருக்கு. பொண்ணு மாப்ளய திரும்ப உக்கார வெச்சு, கைய மட்டும் கழுத்துப் பின்னால வெச்ச மாதிரி எடுத்துக்கலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எடிட்ல சேர்த்துடுவேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எடுத்தார்கள். சதீஷ் பத்துத் தடவை கையைக் கொண்டுபோனான். எடுத்து முடிப்பதற்குள் ஒன்றரை ஆகிவிட்டது. வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம்.

"மூணு மணிக்கு மேலதான் பொண்ணும் மாப்பிள்ளையும் வாசப்படி தாண்டணும்" என்று கோமதி அம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பக்கத்தில் எல்லாம் தயாராக இருந்தது. மயானத்தில் மூன்று மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த நாள்தான். ஆனால் பூ வைத்த கல்யாணக் காருக்கு எதிரில் பாடையைக் கொண்டுபோகச் சரோஜா அம்மா சம்மதிக்கவில்லை. பொண்ணு கிளம்பட்டும், பிறகு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். பாஸ்கர் கேட்டருகில் நின்று எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கோமதி அம்மாவிடம் போனேன். அவர்கள் வீட்டில் எடுக்க நேரம் ஆகிறது, நீங்கள் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் உதவியாக இருக்கும் என்றேன்.

"ராகு காலத்துலயா? அவங்களைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க. போனவருக்கு இனிமே என்ன அவசரம்?"

அப்போது மேடைப் பக்கத்திலிருந்து நித்யா வந்தாள். புதுப்பெண் அத்தனை பேர் முன்னால் தானாக எழுந்து வருவது வழக்கமில்லை.

"அத்தை, இப்பவே கிளம்பலாம்."

"நீ போய் உக்காரும்மா. உனக்குத் தெரியாது."

"தெரியும் அத்தை. அந்தத் தாத்தா தாலி கட்டின பிறகு போகல. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. மாடியில மேக்கப் ரூம் ஜன்னல்லேருந்து அவங்க வீட்டு ஹால் தெரியும். அந்தம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அவரு கால் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. சத்தமே வரல. யாருக்காகன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மணையில வந்து உக்காந்தேன்."

முருகேசன் தூணைப் பிடித்துக்கொண்டார். எந்த விஷயம் தெரியக்கூடாது என்று ஒரு வீடே காலையில் அழுகையை அடக்கிக்கொண்டிருந்ததோ, அதை அவளே போட்டு உடைத்துவிட்டாள். கோமதி அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் மண்டபத்து மின்விசிறிகள் நன்றாகத்தான் சுற்றுகின்றன என்பதை அன்றுதான் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்தேன்.

"ராசி சரியில்லன்னு நீங்க சொல்லுங்க அத்தை, நான் கேட்டுக்கறேன். ஆனா இதுக்கு மேல அவங்களை உக்கார வைக்காதீங்க" என்றாள் நித்யா.

சதீஷ் எழுந்து வந்தான். "மாமா, டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லுங்க" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு, நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ராகு காலம் பாதிகூட முடிந்திருக்கவில்லை. கோமதி அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து தன் கைப்பையைத் தேடினார்.

கார் தெருமுனை திரும்பியதும் நான் தேவராஜ் சார் வீட்டுக்குப் போனேன். சரோஜா அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"பொண்ணு கிளம்பிடுச்சா எஸ்தர்?"

"கிளம்பிடுச்சும்மா."

"சாப்பிட்டுதா?"

சாப்பிட்டாள் என்றேன். நான் பார்க்கவில்லை. அன்றைய இரண்டாவது பொய். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எடுங்கப்பா" என்றார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அதே மண்டபத்தில் அதே வேலை பார்த்தேன். அந்த வார்த்தை இல்லாமல் மண்டபம் நடத்த முடியாது. நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், எதிரில் நிற்பவர் இதுவரை எவ்வளவு பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு தடவை விசாரித்துவிடுவேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். விசாரித்துப் பாருங்கள். பாதி நேரம் அதற்கு மேல் அந்த வார்த்தையைச் சொல்ல மனசு வராது.